டூப்ளிகேட் சாவிக்கு எவ்வளவு குடுக்கலாம்? வெட்டின சாவி திரும்பவும் மாட்டேங்குதுங்க

தறிமேடு:
வணக்கமுங்க. பல்லடத்துல இருக்கறோம். மூணு சாவிக்கு டூப்ளிகேட் வேணும். வாசக்கதவுக்குப் பல்லு வெட்டின சாதா சாவி. மாடிக்கதவுக்கு ரெண்டு பக்கமும் குழி குழியா இருக்கற சாவி. மூணாவது கார் சாவி. கடையில முறையே 60, 300, 3,500 ரூபாய் சொல்றாங்க. எல்லாமே சாவிதானே, இத்தனை வித்தியாசம் எதுக்குங்க? அதுபோக வாசக்கதவுச் சாவி வெட்டி வாங்கியாச்சு. உள்ள போகுது, திரும்ப மாட்டேங்குது. பழைய சாவி நல்லாத் திரும்புது. பூட்டை மாத்தணுங்களா?

அரமும் சாவியும்:
பழைய சாவி திரும்புதுன்னா பூட்டுல ஒண்ணும் இல்லீங்க, கோளாறு புதுச் சாவியிலதான். பூட்டுக்குள்ள அஞ்சோ ஆறோ பின் (ஸ்பிரிங்ல நிக்கற குட்டிக் கம்பி) இருக்கும். ஒவ்வொரு வெட்டும் அதனதன் பின்னைச் சரியான உயரத்துல நிறுத்தணும். கால் மில்லிமீட்டர் தப்பினாலும் பின் சிக்கிக்கும்.

முதல்ல இதைப் பாருங்க. புதுச் சாவியை முழுசாத் தள்ளிட்டு, மயிரிழை வெளிய இழுத்து மெதுவாத் திருப்புங்க. அப்பத் திரும்பினா, மிஷின்ல மாட்டும்போது ரெண்டு சாவியோட தோளும் (கைப்பிடிக்குக் கீழ முட்டி நிக்கற இடம்) ஒரே நேருக்கு வைக்கலைன்னு அர்த்தம். வெட்டு மொத்தமா நகர்ந்து விழுந்திருக்கும். அதுக்கு அரம் போட்டுப் பிரயோஜனம் இல்லீங்க, வேற பிளாங்க்ல (இன்னும் வெட்டாத வெறும் சாவி) வெட்டித்தான் தரணும்.

திரும்பலைன்னா ரெண்டு சாவியையும் தோளோட தோள் ஒட்டி வெளிச்சத்துல பிடிங்க. எந்த வெட்டு மேடா நிக்குதோ அதை மட்டும் மெல்லிய அரத்துல ரெண்டு இழுப்பு இழுத்தாப் போதும். பள்ளம் அதிகமாயிருந்தா அந்தச் சாவி அவ்வளவுதான், உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அரம் போடறதுக்கு முன்னாடி, வெட்டின ஓரத்துல பிசிறு இருக்கான்னு நகத்தால தடவிப் பாருங்க. பல நேரம் அதுதான் காரணம், கடையிலயே கம்பி பிரஷ்ல பிடிச்சுக் குடுத்துருவாங்க.

பலம் போட்டுத் திருப்ப வேண்டாம். பித்தளைச் சாவி உள்ளயே முறிஞ்சா எடுக்கற கூலி சாவி விலையைத் தாண்டிரும்.

நொய்யல்கரை:
ரேட்டு பத்தி. வெட்டற வேலை ரெண்டு நிமிசம்தான். பிளாங்கும் மிஷினும்தான் விலையை வைக்குது.

சாதா சாவிக்கு 40-லிருந்து 80 வரைக்கும் நியாயம். இரும்பு பிளாங்க் மலிவு, ஆனா துருப்பிடிக்கும், பின்னையும் தேய்க்கும். பத்து இருபது கூடக் குடுத்துப் பித்தளை கேளுங்க. பிளாங்கோட பக்கவாட்டுக் காடி (நீளவாக்குல ஓடற பள்ளம்) உங்க சாவியோட அச்சா ஒத்துப்போகணும். "கிட்டத்தட்ட அதேதான்"னு தள்ளிவிட்டா வாங்காதீங்க.

குழிச் சாவியை (கடையில கம்ப்யூட்டர் சாவிம்பாங்க, கம்ப்யூட்டருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல) பல்லு வெட்டற மிஷின்ல போட முடியாது. மேலிருந்து துளை போடற மிஷின் வேணும். குழியோட ஆழம் முக்கியம், அரத்துல திருத்தவும் வழியில்ல. 150-லிருந்து 350 ஆகும், 300 ரூபாய் கொள்ளையில்ல. பூட்டோட அட்டை ஒண்ணு வந்திருந்தா அதைத் தேடுங்க. சில பூட்டுக்கு அட்டையைக் காட்டினாத்தான் கம்பெனியில சாவி தருவாங்க, வெளிய பிளாங்கே கிடைக்காது.

எந்தச் சாவியானாலும் ஒரிஜினல்ல இருந்தே எடுங்க. நகலுக்கு நகல் எடுத்தா ஒவ்வொரு தடவையும் தப்பு ஏறிட்டே போகும்.

தறிமேடு:
மயிரிழை இழுத்துத் திருப்பினா நீங்க சொன்ன மாதிரியே திரும்புதுங்க! வேற வெட்டித் தரச் சொல்றேன். பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடலாங்களா? அப்புறம் கார்?

அரமும் சாவியும்:
எண்ணெய் வேண்டவே வேண்டாமுங்க. பல்லடத்துல தறிப் பஞ்சு காத்துலயே பறக்குது, எண்ணெயில ஒட்டிப் பிசினாயிரும். கிராஃபைட் தூள் வாங்கிப் போடுங்க. இல்லைன்னா பென்சில் கரியைச் சாவியில தேச்சு நாலு தடவை உள்ள விட்டு எடுங்க.

கார்வயரிங்:
கார் சாவித் தலைக்குள்ள சிப் இருக்கும். சாவி போடற சுவிட்சைச் சுத்தி இருக்கற காயில் (கம்பிச்சுருள்) அதைப் படிச்சு, வண்டி தெரிஞ்ச நம்பர்னாத்தான் இன்ஜினை ஓட விடும். வெறும் உலோகத்தை மட்டும் வெட்டினா கதவு திறக்கும், ஸ்டார்ட்டரும் சுத்தலாம், இன்ஜின் பிடிக்காது. டாஷ்போர்டுல சாவிப் படம் மின்னிட்டே இருக்கும். அதனால 300 ரூபாய்க்கு வெட்டித் தர்றேன்னு சொன்னா அது கதவு திறக்க மட்டும்தான்.

மீதிப் பணம் சிப்புக்கும், ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற சாக்கெட்ல கருவி மாட்டி அந்தச் சிப்பை வண்டியில பதியறதுக்கும். ரிமோட் இல்லாத சிப் சாவி 1,500-லிருந்து 3,000, ரிமோட்டோட அதுக்கு மேல. 3,500-ல ரிமோட் சேர்த்தியான்னு கேட்டுக்குங்க. ஓடற சாவி கையில இருக்கும்போதே எடுத்தா இந்த ரேட்டு. எல்லாம் தொலைஞ்சுட்டா வண்டி இருக்கற இடத்துக்கே ஆள் வரணும், சில வண்டிக்கு அதோட ரகசிய நம்பர் (PIN) வேற எடுக்கணும், செலவு ரெண்டு மடங்குக்கு மேல போயிரும்.

பதியப் போகும்போது வீட்ல இருக்கற சாவி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. பல வண்டியில புதுசாப் பதியும்போது பழைய பதிவு அழிஞ்சு போகும், கூடவே வெச்சுத் திரும்பப் பதியணும். காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சாவியையும் தனித்தனியாப் போட்டு இன்ஜினை ஓட்டிப் பாருங்க. பழைய சாவியைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டுப் புதுசைச் சோதிக்காதீங்க, காயில் அந்தச் சிப்பைப் படிச்சுடும்.

இன்சூரன்ஸ் பாலிசியில சாவி மாற்றுறதுக்கு ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டி எடுக்கற பாதுகாப்பு) எடுத்திருக்கீங்களான்னும் பாருங்க. தொலைஞ்சாலோ திருடு போனாலோ அது குடுக்கும், கூடுதலா ஒண்ணு செய்யறதுக்கு இல்ல.

நொய்யல்கரை:
ஸ்கூட்டர் இருக்கறவங்களுக்கும் ஒண்ணு. சாவித் துவாரத்தை மூடற காந்த ஷட்டர் இருக்கற வண்டின்னா, சாதா நகலுக்கு அந்த மூடி திறக்காது. சாவித் தலையில இருக்கற அறுகோண முனையிலயும் காந்தம் அதே வரிசையில இருக்கணும். அப்படி பிளாங்க் இருக்கான்னு கேட்டுட்டு வெட்டக் குடுங்க.