மறு: ‘விமான நோட்டம்’ என்ற சொல்லைப் பற்றி

வணக்கம்.

விமான நிலைய வேலிக்கு வெளியே நின்று விமானங்களைப் பார்ப்பது, பதிவிலக்கத்தைக் குறித்துக்கொள்வது, படம் எடுப்பது. இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடி நான்கு நாளாக இந்தக் குழுவில் கதைத்துக்கொண்டிருக்கிறோம். சென்னை அண்ணா ‘விமான நோட்டம்’ என்றார். அதற்குப் பிறகு ‘வானூர்திக் கண்காணிப்பு’ வந்தது, ‘விமான வேட்டை’ வந்தது, ‘விமான அவதானிப்பு’ வந்தது. புறநானூற்றின் ‘வலவன் ஏவா வான ஊர்தி’யும் வழக்கம்போல் வந்து போனது. வானூர்தி நல்ல சொல், அதில் எனக்கு மறுப்பில்லை. என் சிக்கல் சொல்லின் இரண்டாம் பாதியில்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். சென்னையில் இருந்து பலாலிக்கு, எங்கள் விமான நிலையத்துக்கு, வரும் ஏரிஆர் 72 என்ற சிறிய பயணிகள் விமானம் எங்கள் வீட்டுப் பக்கம் தாழ்ந்து போகும் நேரத்தில் அம்மா பெரும்பாலும் குசினியில் இருப்பா. ஒருநாள் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. சத்தம் கேட்டதும் கை நின்றது. பாதி திருவின தேங்காயைப் பிடித்தபடியே தலையைச் சரித்துக் கேட்டா. “ரெண்டு எஞ்சின். காத்தாடி பூட்டினது. இறங்கப் போகுது” என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி திருவத் தொடங்கினா. வெளியே வந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, ஒன்றும் பிழைக்கவில்லை.

எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர் எல்லாருக்கும் இந்தக் காது இருக்கிறது. போர்க்காலத்தில் தலைக்குமேல் வந்த விமானப்படை விமானங்கள் அப்படி: ஹெலி, பொம்மர், சியாமாசெட்டி, புக்காரா, கனத்த முழக்கத்தோடு ஆறுதலாக வரும் சகடை. வன்னியில் இருந்தவர்களைக் கேட்டால் கிபிர் என்பார்கள், இரவெல்லாம் தலைக்குமேல் இரைந்துகொண்டு நின்ற ஆளில்லா வேவு விமானத்தை ‘வண்டு’ என்பார்கள். இவற்றை ஒரு கலைச்சொல் குழுவும் ஆக்கவில்லை. பங்கருக்குள் ஓட எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் அந்தப் பெயர்கள் பிறந்தன. வானத்தில் வருவது எது என்று இனங்காணும் திறமை இங்கே நிறைய உண்டு. அதை ஆசையோடு செய்கிற பழக்கம்தான் புதிது.

அதனால்தான் ‘நோட்டம்’ எங்களுக்கு ஆகாது. நோட்டம் பார்க்க வந்தவன் என்றால் ஒன்றில் கள்ளன், அல்லது யாருக்கோ தகவல் கொடுக்கிறவன். ‘கண்காணிப்பு’ என்றதும் காவலரண் ஞாபகம் வரும். ‘வேட்டை’யைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. ‘அவதானிப்பு’ இலங்கைப் பாடப்புத்தகத் தமிழ், பிழை இல்லாதது. ஆனால் ‘அவதானம்’ என்ற சொல்லை நாங்கள் அதிகம் வாசித்தது எச்சரிக்கைப் பலகைகளில்.

இது உணர்ச்சிவசப்பட்டு எழுதுவது என்று நினைக்க வேண்டாம். 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாற்றா விமானப்படைத் தளத்தில் இதே பொழுதுபோக்குக்காரரான பன்னிரண்டு பிரித்தானியரும் இரண்டு நெதர்லாந்துக்காரரும் வேவு பார்த்ததாகப் பிடிபட்டார்கள். பதிவிலக்கங்களைக் கொப்பியில் எழுதியதுதான் அவர்கள் செய்தது. 2002 ஏப்ரலில் அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்த்தார்கள், அதே ஆண்டு நவம்பரில் மேன்முறையீட்டில் விடுதலையானார்கள். இப்படியும் ஒரு பொழுதுபோக்கு உண்டா என்ற சந்தேகம்தான் அந்த வழக்கு முழுக்க நின்றது. செய்கிற வேலைக்கு நாமே ‘நோட்டம்’ என்று பெயர் வைத்துவிட்டு, நாங்கள் வேவு பார்க்கவில்லை என்று யாரிடம் போய் விளங்கப்படுத்துவது?

போன வருடம் மருமகனோடு ஒரு வீதியோரம் நின்றபோது சீருடை போட்ட ஒருவர் வந்து, உடைந்த தமிழில், “இங்க என்ன செய்றது?” என்று கேட்டார். “விமானப் படம் எடுக்கிறம்” என்றேன். அவர் முகம் மாறியது. ‘விமானப் படை’ என்று காதில் விழுந்திருக்கிறது. கமராவில் இருந்த படத்தைக் காட்டிய பிறகு சிரித்துவிட்டுப் போனார், நல்ல மனிதர். ‘விமானப் படம்’ என்பதைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்கு வேறொரு குறையும் இருக்கிறது: விமானத்தை எடுத்த படமா, விமானத்தில் இருந்து எடுத்த படமா என்று தெரியாது. (பலாலியைப் பற்றி ஒன்று: ஓடுபாதையை விமானப்படையும் பாவிக்கிறது. அங்கே வேலிப் பக்கம் கமராவைத் தூக்கக்கூடாது. நாங்கள் தூரத்தில், பனைகளுக்கு மேலே எழும்பிய பிறகு மட்டுமே எடுக்கிறோம்.)

சரி, என் முன்மொழிவு: விமானங்காணல்.

‘பார்த்தல் போதாதா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. “வடிவாய்ப் பாத்தன், காணேல்லை” என்று நாள்முழுக்கச் சொல்கிறோமே, அதில் இருக்கிறது வித்தியாசம். பார்ப்பது எங்கள் முயற்சி. காண்பது அந்தப் பொருள் கண்ணில் அகப்படும் கணம். இந்தப் பொழுதுபோக்குக்காரருக்கு அந்தக் கணம்தான் எல்லாம். இதே வேலையைச் செய்கிற பழைய சொல்லும் நம்மிடம் உண்டு, பிறை காணல். அம்மா மூன்றாம் பிறைக்கு முற்றத்தில் இறங்கி நிற்பா. முஸ்லிம் நண்பர்கள் நோன்புப் பிறைக்கு மேற்கு வானத்தைப் பார்த்து நிற்பார்கள், கண்டவர் சாட்சி சொல்வார், அந்த மாலை குறிப்பில் ஏறும். அண்ணாந்து காத்திருந்து, கண்டு, நாளும் நேரமும் குறிப்பது. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? அதோடு, அந்தக் ‘காணல்’ பயம் இல்லாமல் வானத்தைப் பார்த்ததில் பிறந்த சொல். அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “விமானங்காணலோ? நல்லாத்தான் இருக்கு” என்றா.

ஒரு எச்சரிக்கை. செய்பவரைக் குறிக்க யாராவது ‘விமானங்காணி’ என்று ஆக்கிவிடாதீர்கள். இலக்கணப்படி வரும். ஆனால் பலாலி ஓடுபாதையைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கில் ‘காணி’ என்றால் ஒரே பொருள்தான், இராணுவத்திடம் போன நிலம். 1990இல் போரால் வெளியேறியவர்களில் பலர் இன்னும் தங்கள் காணிக்குள் கால் வைக்கவில்லை. ‘விமானங்காண்பவர்’ நீளம் என்றாலும் அதுவே இருக்கட்டும். நின்று பார்க்கும் இடம் ‘காணிடம்’. எழுதி வைப்பது ‘காண்குறிப்பு’.

இனிப் படம் எடுக்கும் பக்கம். இதில் நாம் ஒன்றும் புதிதாகப் பிடுங்கத் தேவையில்லை, பாதிச் சொற்கள் வீட்டிலேயே கிடக்கின்றன. விமானத்தின் மேற்பூச்சுக்கு ‘வண்ணத்திட்டம்’ என்று எழுதியிருந்தீர்கள். ‘கோலம்’ என்றால் என்ன குறை? மணக்கோலம் போல விமானக்கோலம். ஒரே ஒரு விமானத்துக்கு மட்டும் பழைய காலப் பூச்சைப் பூசி விடுவார்களே, அது பழங்கோலம். பதிவிலக்கத்தின் முதல் எழுத்துகள் நாட்டைச் சொல்லும்: இலங்கைக்கு 4ஆர், இந்தியாவுக்கு வி.ரி., சிங்கப்பூருக்கு 9வி. அதை ‘நாட்டுமுன்’ என்று சிலர் எழுதுகிறார்கள், பரவாயில்லை.

காத்தாடிக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் புதியவர்கள் எல்லாரும் பிழை விடுகிறார்கள். ஏரிஆர் 72-600இன் ஒவ்வொரு எஞ்சினின் காத்தாடிக்கும் ஆறு அலகுகள், அதாவது இதழ்கள். பறக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 சுற்று. கமராத் திரையை 1/1000 செக்கன் மட்டும் திறந்து எடுத்தால் அலகு 6 பாகைதான் நகரும். படத்தில் காத்தாடி அசையாமல் நிற்கும், எஞ்சின் நின்று விழப்போகிற விமானம் போலத் தெரியும். 1/125இல் அதே அலகு 48 பாகை சுற்றும். அலகுக்கு அலகு இடைவெளி 60 பாகை என்பதால் கிட்டத்தட்ட முழு வட்டமாகப் படத்தில் விழும். ஆனால் அவ்வளவு மெதுவாக எடுத்தால் கை ஆடும். விமானத்தோடு சேர்த்துக் கமராவை ஒரே சீராக இழுத்துக்கொண்டு போக வேண்டும். மருமகன் நாற்பது படம் எடுத்து ஒன்றைத்தான் வைத்துக்கொண்டான். அந்த வட்டத்துக்கு என் சொல் ‘காத்தாடி வட்டு’. வட்டு என்றால் எங்களுக்கு முதலில் பனை வட்டுத்தான், ஓலைகள் நடுவில் இருந்து விரிகிற அந்த வடிவம். படத்தைப் பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள். கமராவை இழுப்பதற்குத் ‘தொடரெடுப்பு’.

காற்றைப் பற்றியும் ஒன்று. விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும், ஏறும். கொழும்புக்கான பெரிய விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் 3350 மீற்றர் ஓடுபாதை ஒரு முனையில் 04, மறு முனையில் 22, அதாவது ஏறத்தாழ 40 பாகையும் 220 பாகையும். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வடகிழக்கில் இருந்து வந்து 22இல் இறங்குவது வழக்கம், வாடை என்கிற வடகிழக்குக் காற்று தொடங்கினால் முறை மாறும். இரவுப் பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் குந்தியிருந்து போய், பிழையான முனையில் நின்றால் நாள் வீண். ஒருமுறை அப்படித்தான், பெரிய விமானங்களின் வாலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ‘எண் 22 பயன்பாட்டில்’ என்று மொழிபெயர்ப்பதைவிட ‘சோழக இறக்கம்’, ‘வாடை இறக்கம்’ என்று சொன்னால் எங்கள் மீனவரும் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

வெயில் ஏறின பிறகு ஓடுபாதைமேல் காற்று ஆடிப் படம் கலங்குவதைக் ‘கானல்’ என்று வைத்திருக்கிறேன்.

இந்த ஊருக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம், விமானம் புதிதல்ல. எயார் சிலோனின் முதல் பறப்பு, 1947 டிசம்பர் 10, கொழும்புக்கு அருகே இரத்மலானையில் இருந்து இங்கே காங்கேசன்துறை வந்துதான் சென்னைக்குப் போனது. டக்கோட்டா விமானம். அன்றைக்கு அதைப் பார்க்க வேலியோரம் நின்ற பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

அன்புடன்.

* * *

மீண்டும் வணக்கம்.

> ‘காணல்’, ‘கானல்’ இரண்டையும் ஒரே கடிதத்தில் வைத்திருக்கிறீர்கள். ஒலியில் எப்படிப் பிரிப்பது?

ரொறன்ரோ அக்கா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எழுதும்போது கண் பிரித்துவிட்டது, வாய் பிரிக்கவில்லை. “காணல் நேரத்தில் கானல்” என்று நேற்றுச் சொல்லிப் பார்த்தேன், மருமகன் விழித்தான். கானலை விட்டுவிடுகிறேன். ‘வெக்கை அலை’ என்று வைப்போம். “வெக்கையாக் கிடக்கு” என்று எல்லாரும் சொல்வதுதானே. காலை ஒன்பது மணிக்குப் பிறகு வெக்கை அலை, கமராவைப் பைக்குள் வை. இது விளங்குகிறது.

மட்டக்களப்பு ஐயா, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீனைப் பற்றி எழுதியிருந்தீர்கள், நன்றி. 19ஆம் நூற்றாண்டில் அவர் தமிழில் மருத்துவம் படிப்பித்து, புத்தகங்களும் ஆக்கினார். அவருடைய ‘இரண வைத்தியம்’ இன்று வழக்கில் இல்லை, நாங்கள் சத்திரசிகிச்சை என்கிறோம், தமிழ்நாட்டில் அறுவைச் சிகிச்சை. விமானங்காணலும் அப்படிப் போகலாம், அதற்காக இப்போதே ஆங்கிலத்தில் விட்டுவிட எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டு நண்பர்கள் ‘பதிவெண்’ என்று எழுதினால் நாங்கள் ‘பதிவிலக்கம்’ என்போம், இரண்டும் பட்டியலில் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்கு அகப்படவில்லை. இறங்க வந்த விமானம், சில்லு நிலத்தில் படுவதற்கு முன்னமே, இறங்காமல் மறுபடி எழும்பிப் போகிறதே, அதற்கு என்ன சொல்? ‘மீளெழுகை’ உயிர்த்தெழுவது போல இருக்கிறது. ‘சுற்றிப்போதல்’ சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. தோணிக்காரரிடம் கேட்கச் சொல்லி அம்மா சொன்னா, அலை பார்த்துக் கரை ஏறாமல் திருப்புவதற்கு அவர்களிடம் சொல் இருக்கும் என்று. ஞாயிற்றுக்கிழமை மயிலிட்டிக்குப் போய்க் கேட்கப் போகிறேன். வேறு கரையோரங்களில் இருப்பவர்களும் கேட்டு எழுதுங்கள். மருமகனின் காண்குறிப்புக் கொப்பியில் அந்த ஒரு நிரல் மட்டும் தலைப்பு இல்லாமல் கிடக்கிறது.