மறுமொழி: குமிழ்களைக் குளிரில் வைப்பதற்கு என்ன சொல்? குளிர்க்கிடைக்கு என் வாக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

மடல்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. தனித்தனியாகப் பதில் போடாமல் எல்லாவற்றையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். நாங்கள் சேர்ந்து எழுதும் தோட்டக் கையேட்டில், சட்டியில் வளர்க்கும் குளிர்நாட்டுப் பூச்செடிகளான குட்டை டஃபோடில், முஸ்காரி, குரோக்கஸ் பற்றிய பகுதி ஒரு சொல்லுக்காக நிற்கிறது. குமிழை, அதாவது வெங்காயம்போல மண்ணுக்குள் இருக்கும் பகுதியை, பல வாரம் குளிரில் வைத்து, பிறகு வெளியே எடுத்துப் பூக்கவைக்கிறோமே, அந்தக் குளிரில் வைக்கும் வேலைக்கு என்ன பெயர்? கன்னியா வெந்நீரூற்றுக்குப் பேர்போன திருகோணமலையிலிருந்து குளிருக்குச் சொல் கேட்கிறீர்களா என்று ரொறன்ரோ அண்ணர் கேலி பண்ணியிருந்தார். அவருக்கு வீட்டுக் கராஜே போதும். இங்கே தை மாத இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பிரிட்ஜ் இல்லாமல் டஃபோடில் இல்லை. அண்ணருக்குக் காலநிலை சும்மா செய்துகொடுப்பதை நாங்கள் கையால் செய்கிறோம், அதனால் பெயரும் எங்களுக்குத்தான் வேண்டும்.

> தட்பப்பதனம் ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறது. புதுச் சொல் எதற்கு?

சென்னை ஐயா, சொல்லில் எனக்குக் குறை இல்லை. ஆங்கிலத்திலும் (vernalization) ரஷ்ய மொழியிலும் இதற்கு வசந்தத்தை வைத்துத்தான் பெயர் கட்டினார்கள். மாரியும் கோடையும் கச்சான் காற்றும் தெரிந்த எங்களுக்கு அப்படி ஒரு பெயர் ஒட்டாது. தமிழில் ஆக்கியவர்கள் வசந்தத்தை விட்டுக் குளிரைப் பிடித்தது கெட்டித்தனம்.

சிக்கல் பொருளில் இருக்கிறது. குளிர்காலக் கோதுமைக்குக் குளிர் படாவிட்டால் அது பூக்கிற வழிக்கே வராது, இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். பூக்கும் திறனைக் குளிர் உண்டாக்குவதைத்தான் தட்பப்பதனம் என்கிறோம். டஃபோடிலின் கதை வேறு. அதன் ஊரில் கோடையில் இலை காய்ந்து, குமிழ் சும்மா கிடப்பதுபோலத் தெரியும் காலத்திலேயே உள்ளே பூ உருவாகிவிடுகிறது. ஐப்பசி வாக்கில் ஒரு குமிழை நெடுக்காக வெட்டி, செதில் இலைகளுக்கு நடுவே அடித்தட்டுக்கு மேலே கைவில்லையால் பார்த்தால் அந்தக் குட்டிப் பூ தெரியும். குளிர் செய்வது அதற்கு அடுத்த வேலை. மாப்பொருள் வெல்லமாக உடைகிறது, ஓமோன்கள் மாறுகின்றன, பூந்தண்டு நீளுவதற்கு வலு வருகிறது. குளிர் போதாவிட்டால் தண்டு நீளாமல், இருக்கிற பூ இலைகளுக்குள்ளேயே சிக்கிக் கருகும். டியூலிப்பும் அப்படித்தான்.

இதிலும் விலக்கு உண்டு. நீண்ட வெள்ளைக் குழல் பூ விடும் ஈஸ்டர் லில்லிக்கு (இங்கே அந்தப் பெயரில் சிலர் சொல்லும் சிவப்பு ஹிப்பியாஸ்ட்ரம் வேறு) குளிர்தான் பூவைத் தூண்டுகிறது. அங்கே தட்பப்பதனம் சரியாகப் பொருந்தும். ஆக, ஒரே பிரிட்ஜ் லாச்சியில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இரண்டு பைகளில் ஒன்றில் தட்பப்பதனம் நடக்கிறது, மற்றதில் நடக்கவில்லை. வளர்ப்பவருக்கோ இரண்டும் ஒரே வேலை. செடிக்குள் நடப்பதற்குத் தட்பப்பதனம் இருக்கட்டும். கை செய்யும் வேலைக்குத் தனிச் சொல் வைப்போம். என் வாதம் அவ்வளவுதான்.

(லாச்சி என்றால் இழுப்பறை, தமிழ்நாட்டு நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அவர்கள் ஊரில் டியூலிப் விலை சரிந்தது 1637 இல், திருகோணமலைக் கோட்டையை அவர்கள் பிடித்தது 1639 இல். குமிழ் வியாபாரத்தில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை, ஆனால் எங்களுக்கு இழுப்பறையைத்தான் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.)

மற்றப் பரிந்துரைகள். உறைபதனம் வேண்டவே வேண்டாம். குமிழுக்கு வேண்டியது 2 முதல் 9 பாகை வரையான குளிர். சொல்லை நம்பி யாராவது மேலே ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டால் எடுக்கும்போது கூழ்தான் மிஞ்சும். மூதூர் ஆசிரியர் சொன்ன வாடையூட்டலில் எனக்கும் ஒரு ஆசை இருந்தது, வாடைக்காற்று எங்கள் கரைக்கு உரிய சொல் என்பதால். ஆனால் "வாடையூட்டிய குமிழ்" என்று எழுதிப் பாருங்கள். வாசிப்பவர் மூக்கைப் பொத்துவார்.

கிண்ணியாத் தங்கச்சி போட்ட குளிர்க்கிடைக்கு வருகிறேன். குளிரில் கிடக்கும் கிடை. இதற்கு மூன்று பேர் மறுப்பு எழுதியிருந்தீர்கள். கணிதத்தில் கிடை என்றால் கிடையச்சு, கிடைத்தளம் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது ஒன்று. உண்மை; ஆனால் குளிர் முன்னால் நிற்கும்போது யாரும் அளவுகோலைத் தேடப்போவதில்லை. ஆட்டுக்கிடை நினைவுக்கு வருகிறது என்றார் மதுரை நண்பர். இங்கே அதற்குப் பட்டி என்போம், ஆகவே எங்களுக்கு மோதல் இல்லை; அவருக்கும் அது கெட்ட நினைவு இல்லையே, ஆடு கிடந்த வயல் விளையும். மூன்றாவதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. "கிடையில் விழுந்திட்டார்" என்றால் ஆள் எழும்ப மாட்டார் என்று பொருள். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. இருந்தாலும் குளிர் என்ற முன்னொட்டு அந்த நோயாளியை எட்ட வைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

சொல் நல்லதா என்று பார்க்க நான் செய்வது, அதைக் கையேட்டு வசனங்களில் போட்டு ஓட்டிப் பார்ப்பது:

டஃபோடிலுக்கு 12 முதல் 15 வாரம் குளிர்க்கிடை வேண்டும். டியூலிப்புக்கு 14 முதல் 16 வாரம். டஃபோடிலைப் புரட்டாசிக் கடைசியில் கிடையில் வைத்தால் தைப்பொங்கலை ஒட்டி எடுக்கலாம், ஊர் ஓரளவு குளிர்ந்திருக்கும் நேரம் அது. கிடை குறைந்தால் தண்டு குட்டையாகும். கிடையில் இருக்கும் குமிழுக்குப் பக்கத்தில் வாழைப்பழம், மாம்பழம் வைக்க வேண்டாம். பழம் விடும் எதிலீன் வாயு உள்ளே இருக்கும் பூவைக் கெடுக்கும். 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அதுபோல வந்தால் கிடை முறியும்.

"கிடை முறியும்" தானாக வந்து விழுந்தது, நான் யோசித்து எழுதவில்லை. டஃபோடிலின் உறவான பேப்பர்வைட்டும் மழை லில்லியும் கிடை வேண்டாக் குமிழ்கள் என்ற வகைக்குள் போய்விடும். திருகோணமலையில் புதிதாகத் தொடங்குபவருக்கு முதலில் அந்த வகையைத்தான் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். முதல் மழைக்கு இரண்டு மூன்று நாளில் பூக்கிற லில்லியை விட்டுவிட்டு ஏன் பிரிட்ஜோடு மல்லுக்கட்ட வேண்டும்? ஆனால் டஃபோடில்தான் வேண்டும் என்பவர்களுக்காகத்தானே இந்தக் கையேடு, சரி.

க் மிகுமா என்ற கேள்விக்கு: மிகும். குளிரில் கிடக்கும் கிடை, ஏழாம் வேற்றுமைத் தொகை. குளிர்காலம் வினைத்தொகை, அதனால் அங்கே மிகாது; அதைக் காட்டி இனி யாரும் சண்டை பிடிக்க வேண்டாம்.

கிடையிலிருந்து எடுத்த பிறகு நடக்கும் வேலைக்கு முன்பூப்பித்தல் என்று ஒருவர் எழுதியிருந்தார். பூப்பு என்றால் எங்கள் வீடுகளில் வேறு சடங்கு நினைவுக்கு வரும், விட்டுவிடுவோம். முன்மலர்த்தலிலும் முன் இடிக்கிறது. இங்கிலாந்தில் வெளியே பூக்கும் பருவத்தை முந்துவதால் அது முன். இங்கே முந்துவதற்குப் பருவமே இல்லை, நாங்கள் செய்யாவிட்டால் அது பூக்கவே பூக்காது. மலர்த்தல் என்று விட்டால் போதும்.

இனி பூவெங்காயம். குமிழ் என்பதை விட இது வீட்டுப்பெண்களுக்கு விளங்கும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெங்காயமும் டஃபோடிலும் ஒரே குடும்பம் என்பதும், நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் சின்ன வெங்காயம் பார்த்து வளர்ந்த எவருக்கும் குமிழின் அமைப்பைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்பதும் சரிதான். ஆபத்தே அங்கேதான். டெட்-அ-டெட் போன்ற குட்டை டஃபோடில் வகையின் குமிழைத் தோலோடு பார்த்தால் சின்ன வெங்காயத்திலிருந்து சட்டென்று பிரித்தறிய முடியாது. அதில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது, தின்றால் வாந்தி கட்டாயம். 2009 இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு பள்ளியில் வெங்காயத்தோடு டஃபோடில் குமிழும் சூப்புச் சட்டிக்குள் போய், பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. கொதித்த சூப் என்பதைக் கவனியுங்கள். நாங்களோ அதைக் காய்கறி லாச்சியில் 14 வாரம் வைக்கச் சொல்கிறோம், அதுவும் வீட்டில் எல்லோரும் கை விடும் பிரிட்ஜில். பையின் மேல் "பூவெங்காயம்" என்று எழுதியிருந்தால் அம்மம்மா சம்பலுக்கு எடுக்காமல் என்ன செய்வார்? குமிழ் என்றே இருக்கட்டும். மின்குமிழோடு குழம்பினாலும் யாரும் அதைச் சமைக்கப்போவதில்லை.

குரோக்கஸ், கிளாடியோலஸ் இரண்டும் கண்டிப்பாகப் பார்த்தால் கந்தம். இலைச்செதில் இல்லாமல் தண்டே பருத்தது. ஒரு வரிக் குறிப்புப் போதும், குளிர்க்கிடையைக் குமிழுக்கும் கந்தத்துக்கும் பொதுவாகச் சொல்லலாம், எந்த இனத்துக்கு வேண்டும் என்பது அட்டவணையில் வரட்டும்.

டஃபோடிலுக்கு நர்கிஸ் என்று வைக்கலாமே என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. பாரசீகத்திலிருந்து வந்து எங்கள் முஸ்லிம் குடும்பங்களில் பெண்பிள்ளைப் பெயராகப் புழங்கும் சொல். பேரினத்துக்கு நர்கிஸ், கடையில் கேட்பதற்கு டஃபோடில் என்று இரண்டையும் தலைப்பில் போடுவோம்.

அகரவரிசைக்கு என் வரைவு:

குளிர்க்கிடை: மலர்த்துவதற்கு முன் குமிழையோ கந்தத்தையோ உறையாத குளிரில், இனத்துக்கு ஏற்ற வாரக்கணக்கில் வைத்திருத்தல். செடிக்குள் நடக்கும் மாற்றத்தைக் குறிக்காது; அதற்குத் தட்பப்பதனம் பார்க்க.

ரொறன்ரோ அண்ணரிடம் ஒரு வேண்டுகோள். வரும்போது பையில் போட்டுக் கொண்டுவருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இலங்கையின் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி நடுகைப் பொருளுக்கு முன்அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். அனுமதி பற்றிய பந்தியைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட மூதூர் ஆசிரியர் சம்மதித்தால் நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உப்புவெளியிலிருந்து