மண்பாதையில் ஊர்ந்த பழுப்புப் புழு

மாலை நடையின்போது, அருகில் செடி எதுவும் இல்லாத மண்பாதையில், சுண்டுவிரலைவிடத் தடித்ததும் 7 செ.மீ. நீளத்துக்குக் குறையாததுமான பழுப்பு நிறப் புழு ஒன்று விரைந்து ஊர்ந்து செல்வதைக் கண்டேன். வால்முனையில் சிறு கொம்பு இருந்தபடியால், அது பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் ஐயம் எழவில்லை. ஆயினும் கையேட்டை எத்தனை முறை புரட்டியும் அந்த நிறத்தில் ஒரு புழுவும் அகப்படவில்லை. அரிய இனம் ஒன்று கிடைத்துவிட்டதாக அன்றிரவு உள்ளூரப் பெருமிதம் கொண்டதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள், எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், தலைக்குச் சற்றுப் பின்னால் நீலமும் வெண்மையும் கலந்த இரு கண்புள்ளிகள் தெரிந்தன. அரளிச் செடியில் வாழும் பருந்து அந்துப்பூச்சியின் புழு அது; அரிதானதே அன்று. இலை தின்னும் காலத்தில் பச்சையாக இருக்கும் அப்புழு, கூட்டுப்புழுவாகும் தறுவாயில் உண்பதை நிறுத்திவிட்டு, நிறம் மாறிப் பழுப்பேறி, செடியைவிட்டு இறங்கி, சருகுகளுக்கு இடையே மறைவிடம் தேடி அலையும். அந்த ஓரிரு நாள் தோற்றத்தைத்தான் நான் தனி இனமாக எண்ணியிருந்தேன். பின்னர் அரளியிலேயே பச்சைப் புழுக்களைக் கண்டு, புல் நுனியால் மெல்லத் தீண்டியபோது, தலையை உள்ளிழுத்து மார்பைப் புடைத்துக்கொண்டு, அக்கண்புள்ளிகள் இரண்டும் விழித்துப் பார்ப்பதுபோல் நின்றன.

இதன்பின் நிறத்தை நம்புவதைக் குறைத்துக்கொண்டு கால்களை எண்ணத் தொடங்கினேன். மார்பிலுள்ள மூன்று இணைக் கால்களுக்குப் பின்னால் அமைந்த சதைப்பற்றான போலிக்கால்கள், அந்துப்பூச்சிப் புழுக்களில் பொதுவாக ஐந்து இணைக்கு மேல் இருப்பதில்லை. ஒரு கிளையில் கூட்டமாக வாலைத் தூக்கி நின்ற புழுக்களுக்கு ஏழு இணை இருந்ததால், அவை அந்துப்பூச்சியே அல்ல, குளவிகளுக்கு உறவான ரம்ப ஈயின் புழுக்கள் என்று தெளிந்தேன்; அதற்குமுன் அவற்றின் பெயருக்காக ஒரு வாரம் வீணாயிற்று. உடலை வளைவாகத் தூக்கி அளந்து நடக்கும் புழுக்களுக்கோ பெரும்பாலும் பின்பக்கத்தில் இரண்டே இணை.

கம்பளி மயிர் உள்ளவற்றை மட்டுமே அஞ்ச வேண்டும் என்ற எண்ணமும் தவறு. மயிரே இல்லாமல், பச்சை நிறத்தில், முள்முளைகளோடு இலையில் ஒட்டிக் கிடந்த நத்தைப்புழு என்னும் அந்துப்பூச்சிப் புழு ஒன்றைத் தொட்ட நண்பர், நெருப்புப் பட்டதுபோல் கையை உதறினார்.

இப்போது புழுவைக் கண்டால் முதுகு, பக்கவாட்டு, தலை ஆகிய மூன்று கோணங்களிலும் படமெடுப்பதோடு, அது தின்னும் செடியின் இலை, பூ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். செடியின் பெயர் தெரிந்தால் தேடல் பாதியாகக் குறைகிறது. அப்படியும் ஒருமுறை, வளர்த்துப் பார்த்து அடையாளம் காணலாம் என்று கொண்டுவந்த புழுவின் தோலைத் துளைத்து ஒட்டுண்ணிக் குளவியின் இளம்புழுக்கள் வெளியேறி, அரிசிமணி போன்ற வெண்ணிறக் கூடுகளைப் பின்னிவிட்டன. வெளிவந்தவை எல்லாம் குளவிகளே. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தில் செடியின் பெயர் மட்டும் இருக்கிறது.