நான்கு பூத (ஃபோர் எலிமென்ட்ஸ்) மங்க் ஆடியவர்களே, நடந்ததைச் சொல்லுங்கள்

டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பில் மந்திரம் கலந்த மங்க் (கைகால்களால் சண்டையிடும் துறவிப் பாத்திரம்) ஆடியவர்கள் எல்லாரும் இங்கே எழுதலாம். ஃபோர் எலிமென்ட்ஸ், ஷேடோ, சன் சோல், எதுவானாலும் சரி. "அது வீண் சப்கிளாஸ்" (பாத்திரத்தின் உட்பிரிவு) என்ற ஒற்றை வரித் தீர்ப்பு மட்டும் வேண்டாம்; அதைத்தான் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோமே. எந்த லெவல், எதிரே என்ன நின்றது, கி (மங்க்கின் சக்திப் புள்ளி) எவ்வளவு கரைந்தது, அப்புறம் என்ன ஆனது என்று எழுதினால் புதிதாக ஆட வருபவருக்கு உதவும்.

நான் முதலில். 2014 கையேட்டில் வந்த ஃபோர் எலிமென்ட்ஸ் மங்க், லெவல் 5, அதனால் கி 5. மூன்றாம் லெவலில் ஒரே ஒரு வித்தையைத்தான் தேர்ந்தெடுக்க விடுவார்கள். கூடவே வரும் எலிமென்டல் அட்யூன்மென்ட் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கும் ஆறிய கஞ்சியைச் சூடாக்குவதற்கும்தான். நான் எடுத்தது ஃபேங்ஸ் ஆஃப் தி ஃபயர் ஸ்னேக். அட்டாக் செய்யும்போது 1 கி கொடுத்தால் அந்த டர்ன் முடியும்வரை என் குத்தும் உதையும் வழக்கத்தைவிட 10 அடி தள்ளியும் எட்டும், டேமேஜும் நெருப்பாக மாறும்.

எதிரே ஒரு ட்ரோல். குறுகலான குகைப் பாதை, முன்னால் எங்கள் ஃபைட்டர் கேடயத்தோடு நிற்கிறார், பக்கத்தில் இன்னொருவர் நுழைய இடமில்லை. குழுவில் விசார்ட் (மந்திரவாதி) கிடையாது. கிளெரிக் சேக்ரட் ஃப்ளேம் போட்டுப் பார்த்தார்; அது ரேடியன்ட் டேமேஜ், ட்ரோல் அதைச் சட்டை செய்யவில்லை. ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் 10 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) ஏற்றிக்கொண்டே வந்தது. நெருப்போ ஆசிடோ பட்டால்தான் அடுத்த டர்னில் அந்த 10 ஏறாது. நான் ஃபைட்டருக்குப் பின்னாலேயே நின்று, அவர் தோளுக்கு மேலே நெருப்புக் குத்து. ஒன்று பட்டாலே போதும், குணமாவது நின்றுவிடும். நாலு ரவுண்டு, 4 கி. மிச்சமிருந்த ஒன்றை ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கில் (எதிரியை ஸ்தம்பிக்க வைக்கும் அடி) போட்டேன். ட்ரோலின் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 20, அது அசையவே இல்லை. ஆனாலும் கடைசியில் விழுந்தது, விழுந்தது எழுந்திருக்கவும் இல்லை.

இதில் நான் ஒரு ஸ்பெல்லும் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். என் கட்சியே இதுதான்: இந்த மங்க் ஸ்பெல் போடாதபோதுதான் நன்றாக இருக்கிறான்.

* * *

ட்ரோலுக்கு ஒரு தீப்பந்தம் போதுமே அண்ணா? அடித்தால் 1 நெருப்பு டேமேஜ், குணமாவது நின்றுவிடும். 4 கி மிச்சம்.

என் கதை வேறு. லெவல் 11 வரை பொறுத்திருந்து ஃப்ளேம்ஸ் ஆஃப் தி ஃபீனிக்ஸ் எடுத்தேன், அதாவது ஃபயர்பால். விலை 4 கி, என்னிடம் இருந்தது 11. பாழடைந்த கோட்டை முற்றத்தில் ஆர்க் கூட்டம், பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஆசை ஆசையாக 8 டி6 (எட்டு ஆறுமுகப் பகடை) உருட்டினேன். கூட்டினால் 28, மிகச் சரியான சராசரி. சேவ் (தப்பிப்பதற்கான பகடை) செய்யாதவை எல்லாம் சாம்பல். சேவ் செய்தவற்றுக்குப் பாதி, 14. ஆர்க்குக்கு ஹெச்பி 15. நாலு ஆர்க்குகள் ஆளுக்கு ஒரு ஹெச்பியோடு முற்றத்தில் நின்று என்னையே பார்க்கின்றன! டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சிரித்ததில் மைக் அலறிவிட்டது.

அது தமாஷ். தமாஷ் இல்லாத பகுதி அடுத்தது. உள்ளே யங் ரெட் டிராகன். நெருப்பு அதற்கு ஒன்றுமே செய்யாது. மிச்சம் 7 கி. இரண்டு டர்ன் ஃப்ளரி (கூடுதல் குத்துகள்) அடித்து, நாலு முறை ஸ்டன் முயன்று, ஒரு பேஷன்ட் டிஃபன்ஸ் (தற்காப்பு) போட்டதும் காலி. கி திரும்ப வர ஷார்ட் ரெஸ்ட் எடுக்க வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம், டிராகன் அதுவரை உட்கார்ந்திருக்குமா? எங்கள் விசார்டும் அதே முற்றத்தில் ஃபயர்பால் போட்டார். அவருக்கு அது ஒரு மூன்றாம் லெவல் ஸ்லாட் (மந்திரம் போட மட்டுமே உள்ள இருப்பு), அவ்வளவுதான். ஆறாம் லெவல் ஸ்லாட் வரை அப்படியே கையில் இருந்தது. போதாக்குறைக்கு அவர் அதைக் கற்றது லெவல் 5-இல்.

மங்க்குக்கு அடி, தற்காப்பு, ஓட்டம், மந்திரம் எல்லாமே ஒரே உண்டியல். அதிலும் ஸ்பெல் போட்டால் அந்த டர்னின் ஆக்‌ஷன் போய்விடும். அட்டாக் ஆக்‌ஷன் எடுக்காததால் ஃப்ளரியும் கிடையாது, சும்மா வரும் அந்தப் போனஸ் குத்துகூடக் கிடையாது. 4 கியோடு சேர்த்து மூன்று நாலு அடியையும் விலையாகக் கொடுக்கிறோம். இதைக் கையேட்டில் எங்கேயும் எழுதியிருக்க மாட்டார்கள், ஆடினால்தான் உறைக்கும்.

* * *

நான் லெவல் 3-இல் ஃபிஸ்ட் ஆஃப் அன்ப்ரோக்கன் ஏர் எடுத்தவன். எனக்கு அதன் மேல் கோபமே இல்லை.

பள்ளத்தாக்கின் மேல் கயிற்றுப் பாலம். பாலத்தின் நடுவில் ஓகர், கையில் பெரிய தடி. என் டிசி (எதிரி தப்பிக்க எட்ட வேண்டிய எண்) 13, ஓகருக்கு ஸ்ட்ரெங்த்தில் +4, பாதிக்கு மேல் வாய்ப்பு அதன் பக்கம்தான். 2 கி போட்டேன், டிஎம் திரைக்குப் பின்னால் உருட்டிவிட்டுப் பெருமூச்சு விட்டார். 3 டி10 டேமேஜ், என்னிடமிருந்து 20 அடி தள்ளல், கீழே சாய்ப்பு. பாலத்தில் பக்கவாட்டில் 20 அடி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். 60 அடி பள்ளம், 10 அடிக்கு ஒரு டி6 வீதம் இன்னும் 6 டி6. மேசையே கைதட்டியது.

ஓகருக்கு ஹெச்பி 59. நான் கொடுத்தது மொத்தம் நாற்பதை எட்டவில்லை. நாங்கள் அதைக் கணக்கு பார்க்கவில்லை, டிஎம் பார்த்துக்கொண்டார். அடுத்த செஷனில் நாங்கள் கூடாரம் போட்டுத் தூங்கும்போது ஒரு நொண்டி ஓகர் வந்தது. வேறு யாரையும் அது தொடவில்லை, நேராக என்னிடம்தான் வந்தது.

* * *

ஷேடோ மங்க் ஆட்களே இல்லையா இங்கே? மந்திரம் போடும் மங்க் என்றால் எனக்கு அதுதான். 2 கிக்கு டார்க்னெஸ், டார்க்விஷன், பாஸ் வித்தவுட் ட்ரேஸ், சைலன்ஸ். நான்கும் லெவல் 3-இலேயே கைக்கு வந்துவிடும், எதை விடுவது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. பாஸ் வித்தவுட் ட்ரேஸ் குழுவில் எல்லாருக்கும் ஸ்டெல்த்தில் +10 தருகிறது. எங்கள் பலாடின் முழு இரும்புக் கவசத்தோடு காவலர்களைத் தாண்டிப் போனது அதனால்தான்.

நான் சொல்ல வந்தது சைலன்ஸ் பற்றி. லெவல் 5. கோபுர உச்சியில் ஒரு மேஜ் (மந்திரவாதி எதிரி). ஃபயர்பால், கோன் ஆஃப் கோல்ட் எல்லாம் வைத்திருப்பவன், கூடவே கவுன்டர்ஸ்பெல்லும் (அடுத்தவர் போடும் மந்திரத்தை முறிப்பது). ஆனால் கவுன்டர்ஸ்பெல்லுக்கு நாம் மந்திரம் போடுவதை அவன் பார்க்க வேண்டும், 60 அடிக்குள் இருக்கவும் வேண்டும். சைலன்ஸ் 120 அடி போகும். நான் இருட்டில் 90 அடி தள்ளி, பக்கத்துக் கூரையில். போட்டேன். 20 அடி ஆரத்துக்கு ஒரு ஓசை கிடையாது. வாயால் சொல்ல வேண்டிய எந்த ஸ்பெல்லும் அதற்குள் வேலை செய்யாது, தப்பிப்பதற்கான மிஸ்டி ஸ்டெப் உட்பட.

இதில் ஓட்டை ஒன்று உண்டு: அவன் நடந்து வெளியே வந்துவிடலாம். அதற்குத்தான் எங்கள் பார்பேரியன். படியேறி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். மேஜுக்கு ஸ்ட்ரெங்த் 9. கத்தியால் இரண்டு முறை குத்திப் பார்த்தான் பாவம். டிஎம் அந்தச் சண்டைக்காக ஒரு மாலை முழுக்கத் தயாரித்திருந்தாராம். எனக்குச் செலவு 2 கி. மிச்ச 3 கியை ஃப்ளரிக்கு வைத்துக்கொண்டு நானும் கூரையிலிருந்து இறங்கி வந்தேன்.

சண்டையின் போக்கை ஒரே ஒரு முறை திருப்பிவிட்டு மங்க் வழக்கம்போலக் குத்தப் போய்விடுகிறான். மந்திரம் இப்படி இருந்தால் கி போதும்.

டார்க்னெஸ்தான் தொல்லை. 2014 விதியில் நாம் போட்ட இருட்டில் நமக்கே கண் தெரியாது. குழுவில் மற்றவர்களின் சாபத்தை வாங்கிக்கொள்ளத் தயார் என்றால் போடுங்கள்.

* * *

டிஎம் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மேலே எல்லாரும் கி பற்றியே பேசுகிறீர்கள். என் மேசையில் நான் பார்த்த பெரிய சிக்கல் தேர்வுதான். ஃபோர் எலிமென்ட்ஸ் மங்க்குக்கு லெவல் 3, 6, 11, 17-இல் தலா ஒரு வித்தை. இருபது லெவலுக்கும் சேர்த்து மொத்தம் நாலு. நாலே நாலு என்றால் யார் விளையாட்டுத்தனமான ஒன்றை எடுப்பார்கள்? எல்லாரும் அடிக்கிற வித்தையைத்தான் எடுப்பார்கள், அடிப்பதில் அவை சுமார்தான்.

அதனால் என் வீட்டு விதி: தேர்வு செய்யும் ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒன்று இலவசம், ஆனால் அது நேரடியாக அடிக்காத வித்தையாக இருக்க வேண்டும். அப்படித்தான் எங்கள் ஆட்டக்காரர் ஷேப் தி ஃப்ளோயிங் ரிவர் எடுத்தார். 1 கி. 30 அடிக்கு 30 அடி தண்ணீரையோ பனியையோ உருமாற்றலாம். கோட்டை அகழியில் அதைப் பயன்படுத்தினார்: முதலில் ஒரு துண்டை உறைய வைத்துப் பாதை, அடுத்த டர்னில் அதிலிருந்தே 15 அடி உயரப் பனிச் சுவர். மதிலின் மேலிருந்த வில்லாளிகளுக்கு யாரையும் குறிவைக்க முடியவில்லை. அகழியில் நீந்திக்கொண்டிருந்த கோப்ளின்களை உள்ளேயே வைத்து உறையச் செய்யலாமா என்று கேட்டார். முடியாது, யாரையும் சிறைப்பிடிக்கவோ காயப்படுத்தவோ கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. கேட்டதற்காக ஒரு இன்ஸ்பிரேஷன் (டிஎம் தரும் பரிசு) கொடுத்தேன்.

கி விலையைக் குறைக்கும் வீட்டு விதி எனக்குப் பிடிக்கவில்லை. குறைத்தால் வாட்டர் விப்பையே (தண்ணீர்ச் சாட்டை வித்தை) சண்டை முழுக்க அடிப்பார்கள், பார்த்தாயிற்று.

* * *

2024 கையேட்டுக்கு மாறிவிடுங்கள் சாமி. வாரியர் ஆஃப் தி எலிமென்ட்ஸில் அந்தப் பெரிய ஸ்பெல் பட்டியலையே தூக்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பது எலிமென்டலிசம் என்ற ஒரு கான்ட்ரிப் (செலவில்லாத சிறு மந்திரம்). கிக்கு இப்போது ஃபோகஸ் என்று பெயர். டர்ன் தொடக்கத்தில் 1 பாயின்ட் கொடுத்தால் 10 நிமிடம், அதாவது சண்டை முடியும்வரை, கை 10 அடி கூடுதலாக நீளும். ஆசிட், குளிர், நெருப்பு, மின்னல், இடி இவற்றில் எந்த டேமேஜ் என்று ஒவ்வொரு அடிக்கும் மாற்றிக்கொள்ளலாம். பட்டவர் ஸ்ட்ரெங்த் சேவில் தோற்றால் 10 அடி இழுக்கலாம், தள்ளவும் செய்யலாம்.

எங்கள் கிளெரிக் ஸ்பிரிட் கார்டியன்ஸ் (தன்னைச் சுற்றிக் காவல் ஆவிகளின் வட்டம்) போட்டுக்கொண்டு நடுவில் நிற்பார். புதிய விதியில் ஒருவர் அந்த வட்டத்துக்குள் வந்தாலே டேமேஜ், டர்னுக்கு ஒரு முறை. நான் கிளெரிக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, விலகி நிற்கும் எலும்புக்கூடுகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப் போடுவேன். மூன்று குத்து என்றால் மூன்று பேர் உள்ளே. முழுச் சண்டைக்கும் நான் செலவழித்தது ஃப்ளரியோடு சேர்த்து 3 பாயின்ட். போதாதென்று இனிஷியேட்டிவ் உருட்டும்போது லாங் ரெஸ்ட்டுக்கு ஒருமுறை எல்லா ஃபோகஸையும் திரும்பப் பெறும் வசதி வேறு. ஷேடோவுக்கும் நல்ல செய்தி: டார்க்னெஸ் 1 பாயின்ட், நாம் போட்ட இருட்டில் நமக்குக் கண் தெரியும்.

பெரிய வெடி வேண்டுமென்றால் லெவல் 6-இல் எலிமென்டல் பர்ஸ்ட் இருக்கிறது. நான் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை.

* * *

முதல் பதிவு போட்டவன். தீப்பந்தம் பற்றி: ஃபைட்டர் பந்தத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் வாளையோ கேடயத்தையோ கீழே வைக்க வேண்டும், அந்த இடத்தில் அவர் ஏசிதான் (அடி படாமல் காக்கும் எண்) எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த எனக்குப் பந்தம் கையில் இருந்தாலும் எட்டியிருக்காது. ஆனால் பாதை அகலமாக இருந்திருந்தால் தம்பி சொல்வதுதான் சரி.

ஓகர் கதை எழுதியவர், இரவில் என்ன ஆனது என்று பாதியில் விட்டுவிட்டீர்களே. சன் சோல்காரர்கள் இன்னும் ஒருவர்கூட வரவில்லை. யாராவது 2014 ஃபோர் எலிமென்ட்ஸை லெவல் 17 வரை கொண்டுபோய் 6 கிக்கு வேவ் ஆஃப் ரோலிங் எர்த் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், அந்தக் கல் சுவரை எங்கே எழுப்பினீர்கள் என்பதோடு.