பழைய ஜிப்ஸியில் க்ரூஸ் கண்ட்ரோல்: மூன்று வாரம் அலைக்கழித்த பிரேக் லைட் பல்பு

கொழிஞ்சாம்பாறை, 2003 ஜிப்ஸி

அப்பாவை மாதம் இரண்டு தடவை திருச்சூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். சித்தூர் வழியாகப் போய் ஹைவே ஏறிவிட்டால் குழல்மந்தம், ஆலத்தூர், வடக்கஞ்சேரி என்று நல்ல ரோடு. 2021இல் குதிரான் சுரங்கம் திறந்த பிறகு அந்த மேட்டில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும் தொல்லையும் இல்லை. கஷ்டம் என் வலது முட்டியில்தான். ஒரே அளவில் ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்திருந்தால் அரை மணி நேரத்தில் வலி ஏறிவிடும். இந்த வண்டியை விற்க எனக்கு மனசில்லை. சித்தப்பா மகன் ஷார்ஜாவிலிருந்து ஊருக்கு வரும்போது ஒரு க்ரூஸ் கண்ட்ரோல் கிட் கொண்டுவந்து கொடுத்தான். ஆக்சிலேட்டரை மிதிக்காமலே வண்டியை நாம் வைத்த வேகத்தில் ஓட வைப்பது அது. நம் காலுக்குப் பதிலாகக் கேபிளை இழுக்கும் மோட்டார் சர்வோ, அதை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி, ஸ்டியரிங் பக்கத்தில் வைக்கும் பட்டன்கள், இரண்டு காந்தம், காந்தம் கடப்பதை உணரும் ஒரு பிக்கப், ஒரு கட்டு வயர். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

சர்வோ மாட்டியதில் சிரமமில்லை. எக்ஸாஸ்ட் சூடு படாத பக்கமாக போனெட்டுக்குள் வைத்தோம். அதன் கேபிள் மடங்காமல் பெரிய வளைவாக வந்து த்ராட்டிலைப் பிடிக்க வேண்டும். வண்டியின் சொந்த ஆக்சிலேட்டர் கேபிளும், ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் தொடப்படாமல் அப்படியே இருக்க வேண்டும். சர்வோ பக்கத்தில் நின்று இழுக்கிற இன்னொரு கை, அவ்வளவுதான்.

வேகத்தைப் பெட்டிக்குச் சொல்வது எப்படி என்பதில்தான் முதல் தவறு நடந்தது. பழைய ஜிப்ஸியில் ஸ்பீடோமீட்டருக்குப் போவது சுழலும் கேபிள். அதிலிருந்து எலக்ட்ரிக் சிக்னல் எதுவும் வராது. அதனால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் காந்தம் கட்டி, எதிரே பிக்கப் வைக்க வேண்டும். ஜிப்ஸியில் ஷாஃப்ட் மூன்று. கியர்பாக்ஸிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இன்ஜின் சக்தியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி, ஹை, லோ கியர் இதில்தான்) போகும் குட்டை ஷாஃப்ட் ஒன்று, முன்னச்சுக்கு ஒன்று, பின்னச்சுக்கு ஒன்று. மெக்கானிக் அண்ணன் கைக்கு எட்டுகிறதே என்று குட்டை ஷாஃப்டில் கட்டிவிட்டார். அது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு முன்னால் இருப்பது. ஹை, லோ மாற்றினால் அந்த ஷாஃப்டுக்கும் சக்கரத்துக்கும் உள்ள கணக்கே மாறிவிடும். பின் ஷாஃப்டுக்கு மாற்றச் சொன்னேன். அவர் டிஃபரன்ஷியல் பக்கத்து முனையில் வைத்தார். அதுவும் சரிப்படவில்லை. பட்டை ஸ்பிரிங் வண்டி, குழியில் இறங்கினால் அந்த முனை மேலும் கீழும் எகிறும், காந்தத்துக்கும் பிக்கப்புக்கும் இடையே உள்ள இடைவெளி மாறும், சிக்னல் அறும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்து முனைதான் ஆடாத இடம். காந்தங்கள் இரண்டையும் எதிரெதிரே கட்டினால் ஷாஃப்ட் பேலன்ஸும் கெடாது.

கிட்டோடு வந்த புத்தகத்தில் ஒரு மைலுக்கு எத்தனை பல்ஸ், அதாவது காந்தம் பிக்கப்பை எத்தனை தடவை கடக்கிறது என்று கேட்டிருந்தது. டயரிலும் ஷாஃப்டிலும் சுண்ணாம்பால் கோடு போட்டு, வண்டியைக் களத்தில் தள்ளி எண்ணினேன். டயர் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 2.1 மீட்டர் நகர்கிறது. அதற்குள் ஷாஃப்ட் கிட்டத்தட்ட நாலு சுற்று சுற்றுகிறது. ஒரு மைல் 1609 மீட்டர், அப்படியானால் ஷாஃப்ட் சுமார் 3000 சுற்று, இரண்டு காந்தத்துக்கு 6000 பல்ஸ். அதற்குப் பக்கத்தில் இருந்த எண்ணுக்குப் பெட்டியின் ஸ்விட்சுகளை வைத்தேன்.

எல்லாம் முடித்து பொள்ளாச்சி ரோட்டில் 60இல் போய் செட் பட்டனை அழுத்தினால், ஒன்றும் நடக்கவில்லை. பத்துத் தடவை அழுத்தியும் பிடிக்கவில்லை.

பெட்டியில் சோதனைக்கு ஒரு சின்ன விளக்கு உண்டு. வண்டியைத் தள்ளினால் சக்கரத்தோடு சேர்ந்து மினுக்கியது, ஆக வேக சிக்னல் நன்றாக இருக்கிறது. பட்டன்களும் சரி. ஆனால் பிரேக்கை மிதிக்காதபோதும் மிதித்தது போலவே அந்த விளக்கு எரிந்தது. பிரேக் ஸ்விட்சை அட்ஜஸ்ட் செய்தேன், அப்புறம் புதிதாகவே மாற்றினேன். எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டுப் பெட்டியே போய்விட்டது என்றார். இரண்டு வாரம் இப்படியே ஓடியது.

ஒரு ராத்திரி டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். ஒரு முனையை பாடியில் எர்த் செய்து, மறுமுனையை பிரேக் ஸ்விட்சிலிருந்து பின் விளக்குக்குப் போகும் வயரில் வைத்தேன். டெஸ்ட் லேம்ப் எரியவில்லை, அது சரிதான், பிரேக் மிதிபடவில்லையே. ஆனால் அதே நொடியில் பெட்டியின் விளக்கும் அணைந்தது. எடுத்தால் மறுபடி எரிந்தது. வைத்தால் அணைந்தது. அப்போதுதான் புரிந்தது. டெஸ்ட் லேம்புக்குள் இருக்கும் ஃபிலமென்ட் வழியாக அந்த வயருக்கு எர்த் கிடைக்கிறது!

காரணம் இதுதான். பிரேக் மிதிக்காத நேரத்தில் அந்த வயர் பிரேக் பல்பின் ஃபிலமென்ட் வழியாக எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பெட்டி அதைப் பார்த்துத்தான் 'பிரேக் சர்க்யூட் முழுசாக இருக்கிறது' என்று நம்புகிறது. போன வருஷம் பின் விளக்குகளுக்கு நான் எல்இடி மாட்டியிருந்தேன். குறைந்த வோல்டேஜில் எல்இடி மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் வயர் எதையும் தொடாமல் அந்தரத்தில் நின்றது. பெட்டி பத்திரம் கருதிப் பிடிக்க மறுத்தது. பெட்டி செய்தது முழுக்கச் சரி.

பழைய 21 வாட் ஃபிலமென்ட் பல்புகளை இரண்டு பக்கமும் திரும்பப் போட்டேன். மறுநாள் 60இல் செட் அழுத்தினேன், பிடித்துக்கொண்டது. ரிலே வைத்து எல்இடியையே வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். வேலை செய்யும்தான். ஆனால் அந்த ரிலே பழுதானால் வயர் எர்த்திலேயே நின்றுவிடும், நான் மிதிப்பது பெட்டிக்குத் தெரியாமல் போகலாம். பிரேக்குக்கும் க்ரூஸுக்கும் நடுவே இன்னொரு சாமானை வைக்க எனக்கு விருப்பமில்லை.

அப்புறம் ஒரு குறை மிச்சம் இருந்தது. 70இல் வைத்தால் கொஞ்சம் ஏறும், இறங்கும். எனக்கே சரியாகத் தெரியாத ஆட்டத்தை, கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அப்பா சொன்னார்: "முன்னயும் பின்னயும் இழுக்குதுப்பா." க்ரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். அமெரிக்காவில் 1950இல் காப்புரிமை வாங்கினார், 1958 கிரைஸ்லர் கார்களில் அது வந்தது. அப்பா சொன்ன அன்று அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். சர்வோவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் மணிச் சங்கிலி அதிகம் தொய்ந்திருந்தது. சர்வோ இழுத்தும் த்ராட்டில் தாமதமாகத் திறந்தது, வேகம் குறைந்ததைப் பார்த்து அது மேலும் இழுத்தது. ஒரு மணி அளவு மட்டும் தொய்வு விட்டுக் கட்டினேன். இப்போது அப்பா ஆலத்தூர் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறார்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயில் பனைமரம் சாய்கிற மாதிரி காற்று வரும்போது நான் க்ரூஸ் போடுவதில்லை. ஜிப்ஸியின் உடம்பு பெட்டி மாதிரி, காற்று தள்ளும். மழையிலும் போடுவதில்லை.

செங்கோட்டை, டீசல் ஜீப்

அண்ணாச்சி, பல்பு விஷயம் எனக்கும் புதுசு. நான் பட்டதையும் சொல்கிறேன். என்னிடம் இருந்தது வேக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பில் இயங்கும் பழைய சர்வோ. பெட்ரோல் வண்டியில் அதற்கு இன்டேக்கிலிருந்து வேக்குவம் கிடைக்கும். டீசலில் அங்கே கிடைக்காது. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும் வேக்குவம் பம்ப்தான் ஒரே வழி, அது பிரேக் பெடலை லேசாக்கும் பூஸ்டருக்கானது. மெக்கானிக் அந்தக் குழாயில் ஒரு டி போட்டு சர்வோவுக்கு எடுத்தார். ஆரியங்காவு தாண்டித் தென்மலைப் பக்கம் இறங்கும்போது சர்வோ பக்கத்துக் குழாய் கழன்றது. பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு காலையும் வைத்து மிதித்து, கியரைக் குறைத்து ஓரம் கட்டினேன். பக்கத்தில் வீட்டுக்காரியும் சின்னவளும் இருந்தார்கள். அன்றைக்கே டி-யைக் கழற்றிக் குழாயைப் பழையபடி ஆக்கிவிட்டேன். பிரேக்குக்குப் போகும் வேக்குவத்தை யாரும் பங்கு போடாதீர்கள்.

உங்களைப் போல மோட்டார் சர்வோ வாங்கலாம் என்று இருக்கிறேன். டீசலில் கிளட்சுக்கு என்ன செய்வது? டீசல் பம்பின் லீவரில் சர்வோவை எப்படிக் கோர்ப்பது?

கொழிஞ்சாம்பாறை, 2003 ஜிப்ஸி

தம்பி, வீட்டில் எல்லோரும் நலம்தானே? படிக்கும்போதே பதறிவிட்டது.

கிளட்ச் பெடலுக்குக் கட்டாயம் ஒரு ஸ்விட்ச் வையுங்கள். க்ரூஸ் பிடித்திருக்கும்போது கிளட்சை மிதித்தால் லோடு போய் இன்ஜின் அலறும். பெட்ரோல் வண்டியில் இக்னிஷனிலிருந்து ஆர்பிஎம் எடுத்துப் பெட்டியே கண்டுபிடித்துக்கொள்ளும் வழி உண்டு. உங்களுடையதில் அது இல்லை, ஸ்விட்ச்தான். ஜாக்கியில் தூக்கி வைத்து சோதிக்க வேண்டாம். சக்கரம் லோடு இல்லாமல் சுற்றும்போது பெட்டி குழம்பி வேகத்தை ஏற்றிவிடும்.

பம்ப் லீவரில் கோர்த்த பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் சங்கிலியைக் கையால் முழுசாக இழுத்து விடுங்கள். லீவர் டக்கென்று ஐடில் ஸ்டாப்பரில் போய் முட்ட வேண்டும், முட்டிய பிறகும் சங்கிலியில் ஒரு மணி தொய்வு இருக்க வேண்டும். இருபது தடவை செய்யுங்கள். ஒரு தடவை தயங்கி நின்றாலும் ஸ்பிரிங்கை மாற்றாமல் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். கிட் வந்ததும் பிரேக் வயரின் கலரைச் சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.