லாரி கிங் மேசையில நிக்குற அந்த பழைய மைக் எது?

ஒலிப்பிரியன்:
அமெரிக்க டிவி பேட்டியாளர் லாரி கிங்கோட பழைய சிஎன்என் ஷோ கிளிப் பாத்துட்டு இருந்தேன், மேசையில பெருசா ஒரு மைக், மாத்திரை மாதிரி மேலயும் கீழயும் உருண்டு இருக்கு. இதுதான் ஆர்சிஏ கம்பெனியோட 44 மாடலா? வேற ஒரு கருப்பு வெள்ளை ஷோவுல பாத்தது மூலையெல்லாம் சீவி விட்ட மாதிரி பட்டையா இருந்துச்சு, ரெண்டும் ஒண்ணுதானா? ஒரு வாரமா மண்டைய குடையுது.

ரிப்பன்ராஜா:
மாத்திரை ஷேப்னா சந்தேகமே வேணாம், அதே ஆர்சிஏவோட 77-டிஎக்ஸ், 1954ல வந்தது. மூலை சீவினதுதான் 44, அது 1930கள்லயே வந்துடுச்சு, கவட்டை மாதிரி ஒரு பிடிக்குள்ள உக்காந்திருக்கும், எடையே 4 கிலோ பக்கம் வரும். பின்பக்கம் தெரியுற ஷாட் கிடைச்சா பாருங்க, 77ல ஸ்க்ரூடிரைவர் போட்டு திருப்புற ஒரு திருகு இருக்கும், சத்தத்த ஒரு பக்கம் மட்டும் எடுக்கணுமா, முன்னும் பின்னுமா, சுத்திலுமான்னு அதுல மாத்திக்கலாம். 44க்கு அந்த வசதி கிடையாது, முன்னும் பின்னும்தான்.

பழையஸ்டுடியோ:
கலர வெச்சு முடிவு பண்ணாதீங்க. பளபளன்னு இருந்தா ஸ்டுடியோ லைட் அடிச்சு கேமராவுல கண்ணு கூசும்னு டிவிக்குன்னே மங்கலான சாம்பல் கலர்ல விட்டாங்க, 44, 77 ரெண்டுலயும் அது உண்டு.

இன்னொண்ணு, லாரி கிங் மேசையில இருந்தது வெறும் அலங்காரத்துக்குத்தான், அவர் குரல எடுத்தது உடம்புல மாட்டியிருந்த குட்டி மைக். அந்த கிளிப்ப கேட்டுட்டு 77 சவுண்டு இப்படித்தான்னு நெனச்சுடாதீங்க, நிஜமா 77ல எடுத்தது வேற மாதிரி, அவ்ளோ இதமா இருக்கும்.

ஒலிப்பிரியன்:
ரொம்ப நன்றி! அப்போ எல்விஸ் போட்டோவுல நெடுக்க நெடுக்க கம்பி போட்ட மாதிரி வருமே, அதுவும் ஆர்சிஏவா? அப்புறம் தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட நிஜ 77 இருக்காம், ஞாயித்துக்கிழமை பாக்கப் போறேன்.

ரிப்பன்ராஜா:
அது ஷ்யூர் 55, 1939ல வந்தது, 44, 77 மாதிரி உள்ள ரிப்பன் இல்ல, டைனமிக், அதாவது சத்தம் பட்டா உள்ள ஒரு கம்பிச் சுருள் அசையுற வகை. 77ல காந்தத்துக்கு நடுவுல சருகு மாதிரி அலுமினியத் தகடு ஒண்ணு தொங்குது, அதுதான் ரிப்பன், பலமா காத்துப் பட்டாலே இழுபட்டு நீண்டுடும். ஞாயித்துக்கிழமை டெஸ்ட் பண்றேன்னு அதுல ஊதிடாதீங்க, பேசிப் பாருங்க போதும்.