அடங்காத வகுப்பு, ஒரே ஒரு நல்ல டீச்சர்: இந்த வகைப் படங்களில் எவ்வளவு நிஜம்?

கடைசி_பெஞ்ச்:
பெருநகரத்தில் ஏழைகள் வாழும் ஒரு பகுதி, அங்கே யாரும் கண்டுகொள்ளாத ஒரு பள்ளி, எவருக்கும் அடங்காத ஒரு வகுப்பு, அதற்குப் புதிதாக வந்து சேரும் ஒரு ஆசிரியர். இந்த வகை ஹாலிவுட் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டாண்ட் அண்ட் டெலிவர், லீன் ஆன் மீ, டேஞ்சரஸ் மைண்ட்ஸ், ஃப்ரீடம் ரைட்டர்ஸ் நாலும் முடிந்தது. நாலும் உண்மைக் கதையிலிருந்து எடுத்தவைதான், ஆனாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. முதல் நாள் அவமானம், நடுவில் யாருக்காவது ஏதாவது ஆகும், கடைசியில் எல்லாம் சுபம். மற்ற ஆசிரியர்கள் பெரும்பாலும் "இதுங்க தேறாது" என்று சொல்வதற்காகவே இருக்கிறார்கள். நிஜத்தில் இதில் எவ்வளவு நடந்தது? இந்த அச்சில் சிக்காத படம் எதுவும் உண்டா?

கணக்குப்_புலி:
ஸ்டாண்ட் அண்ட் டெலிவர் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதன் நிஜக் கதை படத்தைவிட நல்ல கதை. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளிக்கு பொலிவியாவில் பிறந்த ஹைமே எஸ்கலாண்டே வேலைக்கு வந்தது 1974இல். படத்தைப் பார்த்தால் கூட்டல் கழித்தலுக்கே திணறிய பிள்ளைகளை ரெண்டே வருஷத்தில் கல்லூரி அளவுக் கால்குலஸ் தேர்வை எழுத வைத்த மாதிரி தெரியும். அப்படி எந்த வாத்தியாராலும் முடியாது சார். அவருடைய முதல் கால்குலஸ் வகுப்பே 1978இல்தான் ஆரம்பித்தது, கடைசிவரை நின்றவர்கள் 5 பேர், தேறியது 2 பேர். அதற்கு அடுத்த வருஷம் 9 பேரில் 7, அப்புறம் 15 பேரில் 14, அதற்குப் பிறகுதான் படத்தில் வரும் அந்த 1982. அந்த வருஷம் 18 பேர் தேறினார்கள், அதில் 14 பேர் மேல் தேர்வு நடத்திய நிறுவனத்துக்குக் காப்பியடித்தார்களோ என்று சந்தேகம் வந்தது, 12 பேர் மறுபடி எழுதி 12 பேரும் தேறினார்கள், இதெல்லாம் நிஜம்தான்.

படம் விட்டுவிட்டது இந்த நடு வருஷங்களை. கீழ் வகுப்புகளிலேயே அல்ஜீப்ராவை உறுதியாக்கினார்கள், கோடை விடுமுறையில் பக்கத்துக் கல்லூரியில் வகுப்பு நடந்தது, கூட வேறு கணக்கு ஆசிரியர்கள் நின்றார்கள், ஹென்றி கிராடியாஸ் என்ற தலைமையாசிரியர் இதற்கெல்லாம் இடம் கொடுத்தார். கிராடியாஸ் போனார், 1991இல் எஸ்கலாண்டேயும் போனார், தேறுபவர்கள் எண்ணிக்கை மளமளவென்று இறங்கிவிட்டது. தனி ஆள் சாகசம் என்று படம் காட்டியதைப் பார்த்து எத்தனை பேர் "எங்கள் பள்ளிக்கும் அப்படி ஒருத்தர் வந்தால் போதும்" என்று நினைத்திருப்பார்கள்!

ரீல்பெட்டி:
ரெண்டு மணி நேரத்தில் எட்டு வருஷ அல்ஜீப்ராவைக் காட்டச் சொல்கிறீர்களா? யார் உட்கார்ந்து பார்ப்பது? இந்த அச்சு நேற்று வந்ததில்லை. 1955இல் ப்ளாக்போர்ட் ஜங்கிள் வந்தபோதே முரட்டு மாணவர்கள், மிரண்ட ஆசிரியர், கத்தி எல்லாம் வந்துவிட்டது. அதில் மாணவனாக நடித்த சிட்னி பாய்ட்டியர் 1967இல் டு சார் வித் லவ்வில் லண்டன் கிழக்குப் பகுதிப் பள்ளியின் ஆசிரியராக வருகிறார், எனக்கு இந்த வகையில் பிடித்த விஷயமே அதுதான். மூலப் புத்தகத்தை எழுதிய பிரெய்த்வெய்ட் கயானாக்காரர், போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர், பொறியியல் படித்தவர். நிறத்துக்காகப் படிப்புக்கேற்ற வேலை மறுக்கப்பட்டதால்தான் அவர் ஆசிரியரானார். அந்தக் கசப்பு புத்தகத்தில் சுடும். படத்தில் ஓரமாகத்தான் வருகிறது, வெள்ளைக்கார ஆசிரியையோடு அவருக்கு இருந்த காதலையும் லேசான சாயலாக்கி விட்டார்கள். ஆனாலும் பாய்ட்டியர் நிற்கும் தோரணைக்கே இன்னொரு தடவை பார்க்கலாம்.

டேஞ்சரஸ் மைண்ட்ஸை (1995) மட்டும் என்னால் காப்பாற்ற முடியாது. அந்தக் கதையின் நிஜ ஆசிரியை லூஆன் ஜான்சன் நிஜத்தில் பிள்ளைகள் கேட்கும் ராப் பாட்டு வரிகளை வைத்துத்தான் கவிதை சொல்லிக் கொடுத்தார். படத்தில் அதை பாப் டிலன் பாட்டு ஆக்கிவிட்டு, வெளியே விளம்பரத்துக்கு மட்டும் கூலியோவின் ராப்!

கடைசி_பெஞ்ச்:
அடக்கொடுமையே. அப்போ லீன் ஆன் மீ? மார்கன் ஃப்ரீமன் ஒலிபெருக்கியோடு நடந்து வரும்போது எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது.

சாக்பீஸ்_தூசி:
நான் ஆசிரியை. அந்தப் படம் எனக்கு ஆகாது. ஃப்ரீமன் நடித்த ஜோ கிளார்க் நிஜ மனிதர், நியூ ஜெர்சியில் பேட்டர்சன் நகரத்து ஈஸ்ட்சைட் பள்ளியின் தலைமையாசிரியர், கையில் பேஸ்பால் மட்டையோடு டைம் இதழின் அட்டையிலேயே வந்தவர். தொல்லை தருபவர்கள், வயது மீறியவர்கள் என்று சுமார் 300 பேரை வெளியேற்றினார். படம் அவர்களைப் பள்ளி மேடையில் நிறுத்தி, அங்கிருந்து இறக்கி வெளியே அனுப்பிவிட்டு, ஒரு பையன் திரும்பி வந்து கெஞ்சுவதை மட்டும் காட்டிவிட்டு, மீதியிருப்பவர்களின் வெற்றிக்குப் போய்விடுகிறது. இறங்கிப் போன மற்றவர்கள் என்ன ஆனார்கள்? படம் வந்தது 1989இல், 1991இல் அந்த ஊர்ப் பள்ளிகள் மொத்தத்தையும் மாநில அரசே எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது.

அச்சில் சிக்காத படம் கேட்டீர்கள், லோரான் காந்தே எடுத்த பிரெஞ்சுப் படம் தி கிளாஸ் (2008) பாருங்கள். கான் திரைப்பட விழாவின் முதல் பரிசான பால்ம் தோர் வாங்கியது. ஆசிரியராக நடிப்பவர் நிஜத்திலும் ஆசிரியராக இருந்து அந்தப் புத்தகத்தை எழுதியவர், பிள்ளைகளும் பாரிஸ் பள்ளி மாணவர்களே. அதில் ஆசிரியரே வாய்தவறி ரெண்டு மாணவிகளைக் கேவலமாகப் பேசிவிடுவார், அதில் தொடங்கும் தகராறு கடைசியில் ஒரு பையனைப் பள்ளியிலிருந்து நீக்குவதில் போய் முடியும். விசாரணைக் கூட்டத்தில் அவன் அம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது, தன் மேலான குற்றச்சாட்டை அவனே அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். வருஷக் கடைசியில் ஒரு பெண் மெதுவாக வந்து, தான் எதுவுமே கற்றுக்கொள்ளவில்லை என்கிறாள், அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்த முகம் தெரியும்.

பொறுமை இருந்தால் தி வயர் தொடரின் நாலாவது சீசனும். பால்டிமோர் பள்ளி. போலீஸ் வேலையை விட்டு வந்தவர் கணக்கு வாத்தியார் ஆகிறார், பகடைக் காயை வைத்து நிகழ்தகவு சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகளைப் பிடிக்கிறார், அதற்குள் தேர்வுக்கு உருப்போட வை என்று மேலிடம் வந்துவிடும். தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான எட் பர்ன்ஸ் பால்டிமோரில் போலீஸாகவும் இருந்து ஆசிரியராகவும் இருந்தவர், அதனால் அந்த வகுப்பறைச் சத்தம்கூட சரியாக இருக்கும்.

கணக்குப்_புலி:
ஹாஃப் நெல்சனை (2006) விட்டுவிட்டீர்களே தோழி. புரூக்ளினில் வரலாறு எடுக்கும் ஆசிரியர், பாடத்தில் கெட்டி, ஆனால் போதைக்கு அடிமை, அது ஒரு மாணவிக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்பதே சந்தேகம். இதற்கு மேல் சொன்னால் பார்க்காதவர்கள் என்னை அடிப்பார்கள்.